மல்லாந்து தூங்கட்டும் பிள்ளை

*பால் புரையேறிவிடும் என்ற பயத்தில் பச்சிளம் பிள்ளைகளைச் சரித்தும் குப்புறவும் கிடத்துகிறோம். கண்டியின் மாடி வீட்டிலும் மலைச்சரிவின் லயத்திலும் இருப்பது ஒரே பயம். அதுதான் நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது.*

நமது நாளிதழ்களின் உட்பக்கங்களில் அடிக்கடி ஒரே வார்ப்பில் ஒரு செய்தி வரும். பிறந்து ஐம்பது நாளோ எழுபது நாளோ ஆன சிசு. இரவு பால் குடித்துவிட்டுத் தாயின் பக்கத்தில் தூங்கியது. விடியற்காலையில் தொட்டுப் பார்த்தால் அசைவில்லை. வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார் வைத்தியர். ஊரின் பெயர் மாறும், வயது மாறும். தலைப்பு மட்டும் அநேகமாக மாறாது: ‘பால் புரையேறிக் குழந்தை பலி’.

அந்தத் தலைப்பு ஒரு மரணத்தைச் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. ஒருத்தியின் மேல் குற்றப்பத்திரிகையும் வாசித்துவிடுகிறது. பால் கொடுத்தவள் தாய். ஆகவே பிழையும் அவளுடையது. செத்த வீட்டிலேயே கேள்விகள் தொடங்கிவிடும். “படுத்துக்கிட்டே குடுத்தியா? ஏவறை எடுக்க வச்சியா? அப்படி என்ன தூக்கம் உனக்கு?” மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டார் கேட்பார். மிச்ச வாழ்நாள் முழுக்க அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அதே தலைப்பை வாசிக்கும் மற்றத் தாய்மார் வேறொன்றைச் செய்கிறார்கள். பிள்ளையின் தலைக்குக் கீழே ஒரு தலையணை வைக்கிறார்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்கு அணை கொடுக்கிறார்கள், சிலர் குப்புறவே போடுகிறார்கள். பால் வெளியே வந்துவிடுமாம், மூச்சுக்குப் போகாதாம். காப்பாற்றுவதாக நினைத்துச் செய்யும் இந்தக் காரியங்களே ஆபத்தைக் கூட்டுகின்றன என்று கடந்த நாற்பது ஆண்டு மருத்துவம் திரும்பத் திரும்ப நிறுவியிருக்கிறது.

தேடியும் கிடைக்காத காரணம்

ஒரு வயதுக்குட்பட்ட, நலமாக இருந்த பிள்ளை தூக்கத்தில் இறந்துபோகிறது. முழுமையான பிரேத பரிசோதனை, பிள்ளை கிடந்த இடத்தைப் பார்வையிடுதல், நோய் வரலாற்றைக் கேட்டறிதல் எல்லாம் முடிந்தும் காரணம் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட மரணத்தைத்தான் மருத்துவம் திடீர் சிசு மரணம் என்கிறது. மேல்நாடுகளில் தொட்டில் மரணம் என்ற பெயரும் உண்டு. 1969இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய மாநாடு இதற்கு ஒரு வரையறை தந்தது. அதுவரை அங்கும் ‘தாய் தூக்கத்தில் அமுக்கிவிட்டாள்’, ‘பால் அடைத்துவிட்டது’ என்ற பேச்சுத்தான்.

இம்மரணங்கள் எல்லா வயதிலும் ஒரே அளவில் வருவதில்லை. முதல் மாதத்தில் குறைவு, இரண்டு முதல் நான்கு மாதங்களில் உச்சம். ஏறத்தாழ 90 வீதம் ஆறு மாதத்துக்குள் நிகழ்ந்துவிடும். 1994இல் ஃபிலியானோ, ஹன்னா கின்னி என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குக் கொடுத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. மூன்று விடயங்கள் ஒரே இரவில் ஒன்றுசேர வேண்டும் என்றார்கள் அவர்கள். மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டில் வெளியே தெரியாத ஒரு பலவீனம் முதலாவது. வளர்ச்சி வேகமாக மாறும் அந்தக் குறிப்பிட்ட வயது இரண்டாவது. மூன்றாவது, குப்புறப் படுக்கை, முகத்தை மூடிய போர்வை, அதிக சூடு, புகை போன்ற வெளி நெருக்கடி. நலமான பிள்ளை காற்றுக் குறைந்தால் முகத்தைத் திருப்பும், முனகும், விழித்து அழும். பலவீனமுள்ள பிள்ளை விழிப்பதில்லை.

முதலாவதைப் பெற்றோரால் பார்க்க முடியாது, இரண்டாவதைத் தள்ளிப்போட முடியாது. நமது கைக்கு எட்டுவது மூன்றாவது மட்டுமே. பாதுகாப்பான தூக்கம் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் அறிவுரை அத்தனையும் அந்த மூன்றாவதைப் பற்றியதுதான்.

பால் எந்தப் பக்கம் போகிறது?

பயத்தின் வேரைப் பார்ப்போம். கழுத்துக்குள் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. மூச்சுக்குழாய் முன்பக்கம், அதாவது நெஞ்சுப் பக்கம். உணவுக்குழாய் அதற்குப் பின்னால், முதுகுப் பக்கம். பிள்ளையை மல்லாத்திக் கிடத்தினால் மூச்சுக்குழாய் மேலே வரும், உணவுக்குழாய் கீழே போகும். கக்கும் பால் மூச்சுக்குள் நுழைய வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். அது பெரும்பாலும் ஏறுவதில்லை. பிள்ளை விழுங்கிவிடும், அல்லது கடைவாயால் வழியவிடும். குப்புறக் கிடத்தினால் நிலைமை தலைகீழ். உணவுக்குழாய் மேலே, மூச்சுக்குழாய் கீழே. மேலே வரும் பால் மூச்சுக்குழாயின் வாசலில்தான் வந்து தேங்கும்.

மேல்நாடுகள் பிள்ளைகளை மல்லாத்திப் படுக்க வைக்கத் தொடங்கிய பிறகு பால் புரையேறி இறந்தோர் தொகை கூடிவிட்டதா என்று ஆராய்ந்தார்கள். கூடவில்லை.

‘ஆனால் பிரேத பரிசோதனையில் மூச்சுக்குழாயில் பால் இருந்ததே’ என்று கேட்கலாம். உயிர் பிரியும் வேளையில் தசைகள் தளர்ந்து வயிற்றில் உள்ளது மேலே வருவது வழக்கம். நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்க முயலும்போதும் வரும். காரணமே தெரியாத மரணங்களிலும் பால் தடயம் கிடைக்கும். அது மரணத்தின் காரணமாக இருக்க வேண்டியதில்லை, மரணத்தின் விளைவாகவும் இருக்கலாம். சட்ட வைத்தியர்களுக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் தலைப்பு எழுதுகிறவரின் மேசைக்கு வந்து சேர்வதில்லை.

பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏவறை எடுக்க வைப்பது நல்ல பழக்கம்; அதைக் கைவிட வேண்டாம். அதை முடித்துவிட்டு மல்லாத்திக் கிடத்துங்கள். ஒருக்களித்த படுக்கை நிலையில்லாதது. அதிலிருந்து பிள்ளை எளிதாகக் குப்புற விழுந்துவிடும்.

60,000 உயிர்களின் விலை

இதை உலகம் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து, குழந்தை வளர்ப்பில் வேதவாக்காக இருந்த அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக்கின் நூல் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. காரணம் என்ன தெரியுமா? பால் புரையேறிவிடுமாம். மேற்கு முழுவதும் அதைப் பின்பற்றியது. சிசு மரணங்களும் ஏறின.

1985இல் ஹொங்கொங்கில் பணியாற்றிய டேவிஸ் என்ற வைத்தியர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். இவ்வளவு நெரிசலான நகரில் தொட்டில் மரணம் மிக அரிது. ஆயிரம் பிறப்புக்கு 0.3 அளவுதான். அங்குள்ள சீனத் தாய்மார் வழிவழியாகப் பிள்ளைகளை மல்லாத்திக் கிடத்தினார்கள். அதே காலத்தில் நியூசிலாந்தில் ஆயிரத்துக்கு 4. எட் மிச்செல் குழுவினர் அங்கு செய்த ஆய்வும், பிரித்தானியாவின் பிரிஸ்டலில் பீட்டர் ஃப்ளெமிங் குழுவினர் செய்த ஆய்வும் குப்புறப் படுக்கையையே சுட்டின. 1991இல் தன் மகனைப் பறிகொடுத்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் நியூசிலாந்துக்கே போய் விசாரித்து வந்து பிரித்தானிய அரசை நெருக்கினார். ‘முதுகில் படுக்க வையுங்கள்’ என்ற இயக்கம் அந்த ஆண்டின் இறுதியில் அங்கு தொடங்கியது. அன்றிலிருந்து பிரித்தானியாவில் இம்மரணங்கள் சுமார் 80 வீதம் குறைந்துவிட்டன. அமெரிக்காவில் பாதிக்கும் மேல் குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, சத்திரசிகிச்சை இல்லை. கிடத்தும் விதம் மட்டும் மாறியது.

2005இல் வெளியான ஒரு மீளாய்வு இன்னொன்றையும் சொன்னது. குப்புறப் படுக்கை ஆபத்தானது என்பதற்கான சான்றுகள் 1970இலேயே கிடைத்திருந்தன. அவற்றை அப்போதே ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்திருந்தால் பிரித்தானியாவில் 10,000 பிள்ளைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஒஸ்ரேலியா, நியூசிலாந்தில் குறைந்தது 50,000 பிள்ளைகளும் பிழைத்திருக்கலாம்.

நமது பாட்டிமார் பாயில் மல்லாத்திக் கிடத்தித்தான் வளர்த்தார்கள். குப்புறப் போடும் வழக்கம் நமது நகரங்களுக்குப் பின்னால் வந்தது. ‘குப்புறப் போட்டா நல்லா தூங்கும்’, ‘தலை தட்டையாகாது’ என்ற பேச்சுகள் அதற்குத் துணை. நன்றாகத் தூங்கும் என்பது உண்மைதான்; எழும்ப வேண்டிய நேரத்திலும் எழும்பாமல் தூங்கும் என்பதுதான் சிக்கல். தலை வடிவத்துக்கு வேறு வழி உண்டு. ஒரு நாள் தலையை ஒரு பக்கமும் மறுநாள் மறுபக்கமும் திருப்பி வையுங்கள். பிள்ளை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது, வயிற்றில் கிடத்தி விளையாட விடுங்கள்.

லயத்துக் காம்பராவில் ஒரு கட்டில்

இனி கண்டிக்கு வருவோம். தனி அறை, தனித் தொட்டில் என்று எழுதிவைத்த மேல்நாட்டு அறிவுரையை எடுத்துக்கொண்டு தெல்தோட்டைக்கோ கலஹாவுக்கோ புசல்லாவைக்கோ போனால் அது வாசலிலேயே நின்றுவிடும். வெள்ளைக்காரன் காலத்து லயம் இன்னும் பல தோட்டங்களில் நிற்கிறது. முன்னால் இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா, பின்னால் அடுப்படி. கட்டில் ஒன்று. அதில் தாய், தகப்பன், மூத்த பிள்ளை, கைப்பிள்ளை. எல்லோருக்கும் மேலே ஒரு கம்பளி.

அங்கே ‘பிள்ளையைத் தனியாகப் படுக்க வை’ என்பது ஆலோசனையாகாது, அலட்சியம். ஒரே படுக்கையில் எது ஆபத்து, எதை மாற்றலாம் என்று பிரித்துச் சொல்வதே உதவி. குடித்துவிட்டு வந்தவர் கைப்பிள்ளையோடு ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது. அது தகப்பனாக இருந்தாலும் சரி, மாமாவாக இருந்தாலும் சரி. கசிப்பு உள்ளே போனால் உடம்புக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. தூக்கம் வரவைக்கும் மருந்து எடுத்தவருக்கும் இதே விதி. பிள்ளை தாயின் பக்கம் இருக்கட்டும். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வேண்டாம், மூத்த பிள்ளைக்குப் பக்கத்திலும் வேண்டாம். பெரியவர்களின் கம்பளி பிள்ளையின் மேல் வரக் கூடாது. நிறைமாதத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும், எடை குறைந்த பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல். அவர்களுக்கு எப்படியாவது தனி இடம் வேண்டும்.

நகரத்து வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. சோபாவில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தபடி தகப்பன் கண்ணயர்வது படத்துக்கு அழகாக இருக்கும். கட்டிலைவிட எத்தனையோ மடங்கு ஆபத்தானது அதுதான். மெத்தை இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பிள்ளை நழுவிவிடும்.

பிறகு புகை. கர்ப்ப காலத்திலும் பிறந்த பின்னரும் பிள்ளையைச் சூழும் புகையிலைப் புகை மிகப் பெரிய காரணிகளில் ஒன்று. இலங்கையில் பெண்கள் புகைப்பது அரிது. வீட்டு ஆண்கள் புகைப்பது அரிதல்ல. ‘வெளியே போய்த்தான் பத்தவைக்கிறேன்’ என்பவரின் சட்டையிலும் மூச்சிலும் அது திரும்பி வரும். மலையகத்தில் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் கர்ப்பிணிகளும் உண்டு. நிக்கொட்டின் எந்த வழியில் உள்ளே போனாலும் கருவின் மூளைத்தண்டை எட்டும். வாயில் அடக்கும் புகையிலையைப் பாவித்த சுவீடன் நாட்டுத் தாய்மாரின் பிள்ளைகளிலும் திடீர் மரணம் கூடுதல் என்று அங்கு நடந்த ஆய்வு காட்டியது. குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணி, கட்டிலடியில் எரியும் நுளம்புச் சுருள், ஈர விறகின் புகை ஆகியவையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாதவை. நுளம்புக்கு வலையே போதும்.

பத்தாவது வாரத்தில் பிள்ளை மடுவம்

தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்குப் பிரசவ விடுமுறை 12 வாரம். பிள்ளைப்பேறுக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம். மூன்றாவது பிள்ளை முதல் விடுமுறையைக் குறைத்துக் கொடுத்த பழைய ஏற்பாட்டை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. அது நல்ல காரியம். ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்து வாரம் முடிந்து தாய் மீண்டும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்துக் கூடையை மாட்டும்போது பிள்ளைக்கு வயது இரண்டரை மாதம். திடீர் மரணங்களின் உச்ச வயது அது.

அந்த வாரத்திலிருந்து பகல் தூக்கம் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்கு மாறுகிறது. இடம் புதிது, கை புதிது, கிடத்தும் விதமும் புதிது. மல்லாந்து தூங்கிப் பழகிய பிள்ளையைத் திடீரென்று ஒருவர் குப்புறப் போட்டால் ஆபத்து பல மடங்காகிறது. அமெரிக்காவில் பராமரிப்பு நிலையங்களில் நடந்த மரணங்களில் குறிப்பிடத்தக்க பங்கு பிள்ளையைச் சேர்த்த முதல் வாரத்திலேயே நடந்தது. 1992இல் உருவான பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் பழைய மடுவங்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றிப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களை வைத்தது. தாய்மார் அவர்களிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்: “எம் புள்ளைய மல்லாத்தியே போடுங்க மிஸ்.” நகரத்தில் பிள்ளையைப் பாட்டியிடமோ வீட்டு உதவிக்கு வரும் அம்மாவிடமோ விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் இதே வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

ஏணை, தூளி, தொட்டில்

சேலைத் தூளியைப் பற்றிப் பேசாமல் நமது பிள்ளைத் தூக்கத்தைப் பேச முடியாது. கூரை மரத்தில் முடிச்சுப்போட்டுத் தொங்கும் பழஞ்சேலை. அகட்டிப் பிடிக்க நடுவில் ஒரு குச்சி. ஈரத்தரைக்கும் பூச்சி எறும்புக்கும் எட்டாத இடம், பெரியவர்களின் உடம்பு மேலே சாயாத இடம். அதன் அருமையை மறுப்பதற்கில்லை.

ஆனால் உள்ளே கிடக்கும் பிள்ளையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சேலை வளைய முதுகும் வளைகிறது. தலை கனம் கூடியது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. நாடி நெஞ்சில் போய் முட்டுகிறது. மூச்சுக்குழாய் மடிகிற கோணம் அதுதான். முதல் நாலைந்து மாதங்களில் அப்படி மடிந்தால் நிமிர்த்திக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு பக்கச் சேலையும் முகத்தில் வந்து மூடுவது இன்னொன்று. பிள்ளை வளர்ந்த பிறகு வேறு ஆபத்து வருகிறது. தொங்கும் தூளியில் தலையைவிட்டு முறுக்கி விளையாடி, கழுத்து இறுகி இறந்த சிறுவர்கள் நமது நாட்டிலும் தமிழ்நாட்டிலும் உண்டு.

ஆகவே தூளி தாலாட்ட இருக்கட்டும். கண்ணயர்ந்ததும் தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள். தூளியில் கிடக்கும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவரின் கண் அதன் மேல் இருக்கட்டும். ஆட்கள் இல்லாதபோது அவிழ்த்துவிடுங்கள்.

பழைய வழக்கத்தையும் பாதுகாப்பையும் சேர்த்துவைத்த நாடு ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் மயோரி மக்களும் குடும்பத்தோடு ஒரே படுக்கையில் பிள்ளையை வைத்துக்கொள்பவர்கள். அதைக் கைவிடச் சொல்லி மல்லுக்கட்டாமல், இலைகளால் முடைந்த தட்டையான கூடையொன்றை அங்குள்ளவர்கள் அறிமுகம் செய்தார்கள். வஹகுரா என்று பெயர். கூடை தாயின் கட்டிலிலேயே இருக்கும், பிள்ளை அதற்குள் தன் இடத்தில் தூங்கும். கொழும்பு–கண்டி வீதியில் வேவெல்தெனியவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பிரம்புச் சாமான் தொங்குவதைப் பார்க்கிறோம். அடி தட்டையான, உறுதியான ஒரு கூடை முடைவது அந்தக் கைகளுக்குப் பெரிய காரியமல்ல.

கொழும்பு வீதியில் வாங்கும் ஆபத்து

கண்டி நகரின் கொழும்பு வீதிப் பிள்ளைச் சாமான் கடைகளில் புதுப் பெற்றோர் வாங்கும் பட்டியலைப் பாருங்கள். நுளம்பு வலையோடு வரும் மெத்தென்ற குட்டிப் படுக்கை, அதற்கு ஒரு தலையணை, இரண்டு பக்கமும் அணைகள், பஞ்சுப் பொம்மை, கம்பளித் தொப்பி. பரிசாகவும் இவையே வரும். வலை நல்லது. மிச்சம் எல்லாம் தூங்கும் இடத்தில் வேண்டாதவை. ஒரு வயதுவரை பிள்ளைக்குத் தலையணை தேவையே இல்லை. மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். கையால் அமுக்கினால் பள்ளம் நிற்கக் கூடாது. ரபர் சீட்டுக்கு மேலே ஒரு பருத்தித் துணியை இழுத்துச் செருகினால் படுக்கை முடிந்தது.

சாய்வாகத் தூங்க வைக்கும் ஊஞ்சல் இருக்கைகளும் அப்படித்தான். அமெரிக்காவில் புகழ்பெற்ற ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் விற்ற சாய்வுப் படுக்கைகளில் சுமார் 47 இலட்சத்தை, சிசு மரணங்களைத் தொடர்ந்து 2019இல் திரும்பப் பெற்றார்கள். பெரிய பெயர் ஒட்டியிருப்பது பாதுகாப்புக்கு உத்தரவாதமல்ல.

கழுத்தில் எதுவும் வேண்டாம். கண்ணூறுக்குக் கட்டும் கறுப்புக் கயிறு, சிங்கள வீடுகளிலும் தமிழ் வீடுகளிலும் போடும் பஞ்சாயுதச் சங்கிலி எல்லாம் தூங்கும் நேரத்தில் கழட்டி வைக்கப்பட வேண்டியவை. வசம்புக் காப்பு கையில் இருக்கட்டும்.

கண்டியில் எவ்வளவு குளிர்?

மலைநாடு என்றதும் போர்த்தத் தொடங்கிவிடுகிறோம். தொப்பி, கையுறை, மேஸ், இரண்டு சட்டை, மேலே பிளானல். பிள்ளைகளுக்கு இதமான தூக்கத்துக்குப் பிரித்தானியாவில் சொல்லும் அறை வெப்பநிலை 16 முதல் 20 பாகை. கண்டியின் ஆண்டுச் சராசரியே 24, 25 பாகை. மார்கழி, தைப் பின்னிரவில்கூட வீட்டுக்குள் ஒரு பெரியவர் மெல்லிய போர்வையோடு தூங்கிவிடுவார். பிள்ளைக்கு அவரைவிட ஒரு மெல்லிய சட்டை கூடுதலாக இருந்தால் போதும். நுவரெலியாப் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் இன்னும் ஒன்று சேர்க்கலாம்.

சூடு கூடினால் பிள்ளை ஆழ்ந்து தூங்கும், விழிப்பு குறையும். பிள்ளையின் உடல் சூடு வெளியேற முக்கிய வழி தலை. அதனால் வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம். கை, கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிடரியில் கைவைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். முச்சக்கர வண்டியில் கிளினிக்குக்குப் போகும்போது ‘காத்து அடிக்கும்’ என்று முகத்தை மூடிவிடுவதும் வழக்கம். மூடிய துணிக்குள் பிள்ளை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது.

ஊசியின் மேல் விழுந்த பழி

இலங்கையில் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடப்படுகிறது. 2008 ஜனவரியில் அது அறிமுகமானது. அதன் பின் ஊசி போட்ட பிள்ளைகளில் 5 மரணங்கள் அறிக்கையாக வந்தன. ஊசியை நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2010இல் ஊசி மீண்டும் வந்தது, இன்றும் தொடர்கிறது.

பெற்றோரின் கலக்கம் நியாயமானது. ஆனால் வயதைப் பாருங்கள். திடீர் மரணங்கள் உச்சம் தொடும் மாதங்களும் ஊசி போடும் மாதங்களும் ஒன்றே. ஊசியே இல்லாத நாளிலும் அந்த வயதில் சில பிள்ளைகள் இறக்கத்தான் செய்தார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் திடீர் மரணம் கூடவில்லை, குறைவாகவே காணப்பட்டது. தாய்ப்பாலும் அப்படியே. இரண்டு மாதமாவது தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது. 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். நமக்குக் கிடைத்த பெரிய கவசம் அது. ‘பால் புரையேறும்’ என்ற பயத்தில் இரவுப் பாலைக் குறைப்பவர்கள் அந்தக் கவசத்தையே கழற்றுகிறார்கள்.

இழந்தவளை என்ன கேட்பது?

வீட்டில் நடக்கும் திடீர் மரணம் சட்டப்படி மரண விசாரணைக்குப் போக வேண்டும். பொலிஸ் வரும், திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். ‘பிஞ்சு உடம்பை அறுக்க வேண்டாம்’ என்று கெஞ்சும் குடும்பங்கள் எல்லா மதத்திலும் உண்டு. உடனே அடக்கம் செய்ய வேண்டிய முஸ்லிம் குடும்பத்துக்கு அந்த மணித்தியாலங்கள் இன்னும் கனமானவை. ஆனாலும் பரிசோதனையில்தான் இதயக் கோளாறோ தொற்றோ பிறவி வளர்சிதைக் கோளாறோ தெரியவரும். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றவும் அது உதவும்.

காரணம் தெரியாத இடத்தில் தாயை நிறுத்திவைப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒஸ்ரேலியாவின் கத்லீன் ஃபொல்பிக் சாட்சி. நான்கு பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்தவர். கொன்றுவிட்டார் என்று 2003இல் தீர்ப்பாயிற்று. இரண்டு பெண் பிள்ளைகளிடம் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மரபணு மாற்றம் இருந்ததை விஞ்ஞானிகள் பின்னர் கண்டுபிடித்தார்கள். 2023இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் தீர்ப்பும் இரத்தானது. இருபது ஆண்டுகள் சிறையில் போய்விட்டன.

நமது வீடுகளில் அந்தச் சிறைக்குக் கம்பி கிடையாது. பிள்ளையைப் புதைத்த மறுநாளும் தாயின் மார்பில் பால் ஊறும், கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல் வரும். அந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்படுவது அதற்கு மருந்து சொல்லும் ஒரு குடும்பநல மாது, பக்கத்தில் உட்காரும் ஒரு கணவன். ‘எப்படிப் பால் குடுத்த?’ என்ற கேள்வி தேவையில்லை. மனம் தாங்காவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இன்றிரவே செய்யக்கூடியவை

• ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகலிலும் இரவிலும், மல்லாத்திக் கிடத்துங்கள். தானாகப் புரளப் பழகிய பிள்ளை புரண்டால் பரவாயில்லை. கிடத்துவது மட்டும் மல்லாத்தி.

• தட்டையான, கெட்டியான படுக்கை. தலையணை, அணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம்.

• குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில், முடிந்தால் தன் சொந்த இடத்தில்.

• குடித்தவர், புகைத்தவர், மயக்க மருந்து எடுத்தவர் பக்கத்தில் படுக்க வேண்டாம். சோபாவில் பிள்ளையோடு தூங்கவே வேண்டாம்.

• தாய்ப்பால் கொடுங்கள், ஊசிகளைத் தவறவிடாதீர்கள்.

• மூச்சையும் துடிப்பையும் அளக்கும் விலையுயர்ந்த கருவிகள் திடீர் மரணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தக் காசில் நல்ல மெத்தை வாங்குங்கள்.

• பிள்ளை அசையாவிட்டால் உடனே 1990 சுவசெரிய; இலவச அம்பியூலன்ஸ் வரும்.

ஒரு வேண்டுகோள்

பயப்படுகிற பெற்றோருக்கு முதலில் ஒரு ஆறுதல். இது அரிது. 1946இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 140 அளவில் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இன்று அந்த எண் பத்துக்கும் கீழே. அதிலும் பெரும்பகுதி முதல் மாதத்தில், குறைமாதப் பிறப்பாலும் பிறவிக் குறைகளாலும் நடப்பவை. இந்த நாட்டின் சுகாதாரச் சேவை வீடு வீடாக நடந்து சாதித்த காரியம் அது. பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை முதல் தோட்டத்து டிஸ்பென்சரி வரை அந்தச் சேவை கண்டியில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பிள்ளை பிறந்த முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தரமாவது குடும்பநல மாது வீட்டுக்கு வர வேண்டும் என்பது நடைமுறை.

அந்த மாது வீட்டுக்குள் வரும்போது எடையையும் தொப்புளையும் பார்ப்பதோடு ‘பிள்ளை எங்கே, எப்படித் தூங்குது? காட்டுங்க’ என்று கேட்கட்டும். படுக்கையைக் கண்ணால் பார்த்து, வேண்டாததைக் கையால் எடுத்துவைக்கட்டும். பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யட்டும். வீட்டில் சட்டம் போடுகிறவர் அவர்தான். குறித்த மாதங்களில் போடும் ஊசிக்கு எவ்வளவு கவனம் தருகிறோமோ அவ்வளவு கவனம் ஒவ்வொரு இரவின் படுக்கைக்கும் வேண்டும்.

பத்திரிகைகளில் எழுதும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சட்ட வைத்திய அறிக்கை வரும் முன் ‘பால் புரையேறி’ என்று தலைப்பிடுவதை நிறுத்துவோம். அந்த இரண்டு சொற்கள் ஒரு தாயைக் குற்றவாளியாக்கி, ஆயிரம் தாய்மாரைப் பிள்ளையைப் பிழையாகக் கிடத்த வைக்கின்றன.